கண்ணாடிக்காரர் குரல் தாழ்த்தும் இடம்

எங்கள் வீட்டில் எந்த அமெரிக்கப் பாட்டுக்காரருக்கும் சொந்தப் பெயர் நிலைத்ததில்லை. றெக்கோட் உறையில் ஒரு பெயர் அச்சடித்திருக்கும். என் தம்பி அதைப் பார்த்துவிட்டு வேறொன்றை வைப்பான். தலைமயிருக்கு அரைப் போத்தல் எண்ணெய் பூசி முன்பக்கம் சுருட்டி விட்டிருந்தவர் எண்ணெய்த்தலையர். பியானோவைப் போட்டு அடித்து நடுவில் ஒரு கூச்சலும் வைக்கிறவர் குழப்படிகாரர். ஒரே தொண்டையால் பாடுவதுபோலப் பாடிய சகோதரர்கள் இரண்டு பேரும் பெரியவர், சின்னவர். தடித்த கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடியோடு, ஒரு சொல்லை விக்கல் வந்தவர் மாதிரி மூன்றாய் உடைத்துப் பாடுகிறவர் கண்ணாடிக்காரர். இங்கேயும் அந்தப் பெயர்களைத்தான் எழுதப் போகிறேன். எனக்கு அவர்கள் அப்படித்தான் பழக்கம்.

நாங்கள் கொழும்பில், வெள்ளவத்தையில் வளர்ந்த பிள்ளைகள். அப்பாவுக்கு அரசாங்க உத்தியோகம். நான் பாவாடையிலிருந்து தாவணிக்கு மாறிய காலத்தில்தான் இந்தப் பாட்டுகள் றேடியோவில் வரத் தொடங்கின. அம்மா குசினியில் சமைத்துக்கொண்டே "அந்தக் கத்தலை நிப்பாட்டுங்கோ" என்று கத்துவா. எங்களுக்கு அம்மாவின் கத்தல்தான் காதைக் குடைந்தது. பிறகு உலகம் நீளத் தலைமயிர்க்காரரிடம் போய், அங்கிருந்து வேறெங்கோ போய்விட்டது. நாங்கள் இரண்டு பேரும் எங்கும் போகவில்லை. அப்பா பென்சன் எடுத்துக்கொண்டு அம்மாவுடன் யாழ்ப்பாணத்துச் சொந்த ஊரான இணுவிலுக்குத் திரும்பினார். இரண்டு பேரும் அங்கேயே அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். நானும் தம்பியும் வெள்ளவத்தையில் வாடகை வீட்டில் இருந்தோம். எனக்கும் கல்யாணம் ஆகவில்லை, அவனுக்கும் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நிலத்தில் பாயைப் போட்டு றெக்கோட் கேட்பது எங்கள் குடும்ப வாழ்க்கையாக இருந்தது.

கண்ணாடிக்காரருடைய ஒரு பாட்டு உண்டு. மெதுவான பாட்டு. அவர் பாடிக்கொண்டே வருவார், பின்னால் கிற்றாரும் மேளமும் வரும். பாட்டு பாதியைத் தாண்டியதும் எல்லாம் நின்றுவிடும். அவர் மட்டும் குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் இருக்கிற ஒருவரிடம் கதைப்பதுபோல ஒன்றைச் சொல்வார். பிறகு கிற்றார் திரும்ப வரும். அவ்வளவுதான். அந்த இடம் வருகிறபோது நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டோம், மூச்சும் விடமாட்டோம். முடிந்ததும் தம்பி "ம்" என்பான். நானும் "ம்" என்பேன். ஒரு பாட்டைச் சேர்ந்திருந்து கேட்பதென்றால் என்னவென்று எனக்குத் தெரிந்தது அந்த "ம்" தான். பிற்காலத்தில் நான் அலைந்ததும் அதற்காகத்தான்.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் வீட்டை றெக்கோட்டுகளோடு கொளுத்தினார்கள். நாங்கள் இரண்டு பேரும் உடுத்த உடுப்போடு ஒரு பள்ளிக்கூடத்தில் கிடந்து, சரக்குக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினோம். கப்பலில் தம்பி ஒரு முழு நாள் வாயே திறக்கவில்லை. பிறகு சொன்னான்: "கண்ணாடிக்காரரும் போயிட்டார் அக்கா." பக்கத்தில் இருந்த ஒரு மனுஷி எங்கள் சொந்தக்காரர் யாரோ செத்துவிட்டார் என்று நினைத்து, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதா. நான் திருத்தவில்லை. அழ ஒரு ஆள் கிடைத்ததே என்று நானும் சேர்ந்து அழுதேன்.

இணுவிலில் அப்பாவின் வீடு பூட்டிக் கிடந்தது. திறந்தோம், கூட்டினோம், இருந்தோம். மருதனார்மடத்தில் ஒரு ரியூட்டரியில் எனக்கு ஆங்கிலம் படிப்பிக்கிற வேலை கிடைத்தது. கொழும்பில் தட்டெழுத்து அடித்துக்கொண்டிருந்தவள் ஒரே மாதத்தில் ஊருக்கெல்லாம் "ரீச்சர்" ஆகிவிட்டேன். தம்பிக்கு வேலை அமையவில்லை. அவன் யாழ்ப்பாணப் பட்டினத்துக்குப் போய் றெக்கோடிங் கடை கடையாய் ஏறி இறங்கினான். கடைசியில் ஒரு கடையில் பழைய ஆங்கில றெக்கோட்டுகள் தூசி பிடித்துக் கிடந்ததைக் கண்டுபிடித்து, எங்கள் ஆட்கள் எல்லோரையும் ஒரே கசெற்றில் பதிந்து கொண்டுவந்தான். சவூதியிலிருந்து வந்த ஒருவரிடம் றேடியோவும் கசெற்றும் ஒன்றாய் உள்ள பெட்டி ஒன்றையும் வாங்கினான். அன்று பின்னேரம் விறாந்தையில் இருந்து, கப்பலில் செத்துப்போன கண்ணாடிக்காரரைத் திரும்பக் கேட்டோம். அந்த இடம் வந்தது, போனது. "ம்" என்றான். "ம்" என்றேன்.

எண்பத்தைந்தில் அவன் கனடாவுக்கு வெளிக்கிட்டான். "பெட்டியும் கசெற்றும் உனக்கு அக்கா. நான் அங்கை புதிசு வாங்குவன்" என்று சொல்லிவிட்டுப் போனான். வாங்கினானோ தெரியாது. கடிதங்களில் பனியைப் பற்றியும் வேலையைப் பற்றியும் எழுதினான், பாட்டைப் பற்றி எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டு, "அதெல்லாம் இப்ப கேக்கிறதில்லை" என்று அவன் எழுதிவிட்டால் நான் என்ன செய்வது?

இணுவில் சும்மா ஊர் இல்லை. நாகஸ்வரமும் தவிலும் தொட்டிலிலேயே கேட்டு வளர்ந்தவர்கள். கோயில் திருவிழாவில் மேளச் சமாவென்றால் விடிய விடிய நின்று, எந்தத் தவில்காரர் எந்த இடத்தில் கையை விட்டார் என்று அடுத்த கிழமை வரை கதைப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் நான் ஒரு தனி மனுஷி, விறாந்தையில் குழப்படிகாரரைக் கத்தவிட்டுக்கொண்டு இருந்தால் யார் சும்மா இருப்பார்கள்? "உவளுக்கு என்ன, ஒரு ஆம்பிளை கத்துறதைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்" என்று ஒரு மாமி சந்தையில் சொன்னது எனக்கும் வந்து சேர்ந்தது. ரியூட்டரியில் கணக்குப் படிப்பிக்கிற மாஸ்ரர் கொஞ்சம் நாகரிகமான ஆள். ஒருநாள் அவரையும் மனைவியையும் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டு, கண்ணாடிக்காரரைப் போட்டேன். அந்த இடம் வந்தபோது மாஸ்ரர் வடையைக் கடித்தார். முடிந்ததும், "சுதி பறவாயில்லை ரீச்சர். ஆனால் தாளத்திலை ஒண்டுமில்லை, எப்பவும் நாலுதான்" என்றார். வடையைத் திருப்பி வாங்கலாம் போல இருந்தது எனக்கு.

அதற்குப் பிறகு யாரையும் கூப்பிடவில்லை. தனியாகவே கேட்டேன். அந்த இடம் வரும், போகும். நான் மட்டும் "ம்" என்று சொல்லிப் பார்ப்பேன். சொந்த வீட்டில் சொந்தக் குரலைக் கேட்டே வெட்கப்பட்டிருக்கிறேன்.

தொண்ணூறில் சண்டை திரும்பத் தொடங்கக் கரண்ட் நின்றது. பற்றறியும் உள்ளே வரக்கூடாது என்று அரசாங்கம் தடுத்துவிட்டது. இருந்த பற்றறிகளை வெயிலில் காயவைத்து, கல்லால் தட்டி, கடைசி மூச்சு வரை பாவித்தோம். பிறகு பெட்டியை ஒரு சீலைத் துண்டால் மூடி அலுமாரிக்கு மேலே வைத்தேன். குண்டுச் சத்தம் கேட்டால் பங்கருக்குள் இறங்குவேன். பங்கருக்குள் என்னோடு ஒரு ஓணான் இருந்தது. வேறு யாரும் இல்லை.

அப்படி இருக்கும்போது ஒருநாள் பக்கத்து வளவுக்காரர் வேலிப் பொட்டால் குனிந்து வந்தார். இரண்டு வளவுக்கும் நடுவே பனையோலை வேலி. அதில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு வழி விட்டிருப்பார்கள், அதுதான் பொட்டு. என் அப்பா காலத்திலிருந்தே உள்ள பொட்டு. நான் வந்த பிறகு அதில் வரப்போக எனக்குப் பழகவில்லை. அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல். புகையிலையும் வெங்காயமும் செய்கிற கமக்காரர், அதிகம் வாய் திறக்காத மனிதர். பிள்ளைகள் இல்லை, அவரும் மனைவியும்தான்.

"ரீச்சர், உங்களிட்டை றேடியோப் பெட்டி கிடக்கு. என்னட்டை சைக்கிள் கிடக்கு" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, பின் சில்லு நிலத்தில் படாமல் சுழல விட்டு, டைனமோவிலிருந்து இரண்டு வயரை இழுத்துப் பெட்டியில் பூட்டினால் வேலை செய்யுமாம். மருதனார்மடத்தில் றேடியோ திருத்துகிறவர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். பொழுதுபட்ட கையோடு வருகிற வெளிநாட்டுத் தமிழ்ச் செய்தியைக் கேட்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. எங்கே குண்டு விழுந்தது, பேச்சுவார்த்தை உண்டா இல்லையா என்று தெரியாமல் எல்லோரும் குருடர் மாதிரி இருந்த காலம் அது.

"சரி. ஆனால் செய்தி முடிய ஒரு பாட்டும் வேணும்" என்றேன்.

"ஒண்டுதான் ரீச்சர். காலுளையும்."

"ஒண்டு போதும்."

அப்படித்தான் எங்கள் ஒப்பந்தம் தொடங்கியது. பின்னேரம் அவர் தோட்டத்தால் வந்து, குளித்து, திருநீறு பூசிக்கொண்டு சைக்கிளை உருட்டி வருவார். விறாந்தையில் நிறுத்தி ஏறியிருந்து மிதிப்பார். நான் பெட்டிக்குப் பக்கத்தில் கதிரையில் இருப்பேன். போகாத சைக்கிளில் ஒரு மனிதர் நேரே முன்னால் பார்த்துக்கொண்டு மிதிக்கிறதை முதல் நாள் பார்த்தபோது சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். செய்தி முடிந்ததும் நான் கசெற்றைப் போடுவேன். பெரும்பாலும் கண்ணாடிக்காரர்தான். ஒரே ஒரு பாட்டு என்றால் வேறு யாரைப் போடுவது?

டைனமோக் கரண்டுக்கு ஒரு குணம் உண்டு. வேகமாய் மிதித்தால் பாட்டுக்காரர் சின்னப் பெடியனாவார். மெதுவாய் மிதித்தால் கிழவராவார். செய்திக்கு அது பெரிய கரைச்சல் இல்லை, பாட்டுக்குத்தான் உயிர் போகும். என்னுடைய ஆள் நல்ல மிதிகாரர். தண்ணீர் இறைக்கக் கிணற்றுத் துலா மிதித்து வளர்ந்த கால். தொடக்கத்திலிருந்து சீராகத்தான் போகும். ஆனால் அந்த இடம் வரும்போது, கிற்றாரும் மேளமும் நின்று கண்ணாடிக்காரர் குரலைத் தாழ்த்துகிற அந்த ஒரே இடத்தில், கால் மெதுவாகிவிடும். குரல் இன்னும் தாழ்ந்து, இழுபட்டு, கிணற்றுக்குள் இருந்து கதைப்பதுபோல ஆகும். பிறகு கிற்றார் வரும்போது கால் திரும்பப் பழையபடி சீராகிவிடும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு நாளைக்கு ஒரு பாட்டு, அதிலும் ஒரே ஒரு இடம், அதைக்கூட ஒழுங்காய்க் கேட்க விடவில்லையே இந்த மனிதர்.

"அண்ணை, சீராய் மிதியுங்கோ" என்பேன்.

"ஓம் ரீச்சர்" என்பார். அடுத்த நாள் அதே இடத்தில் அதே மெது. களைத்துப்போகிறார் என்று கொஞ்ச நாள் நினைத்தேன். பிறகு, வேண்டுமென்றே செய்கிறார், என்னுடைய பாட்டைச் சகிக்கிறதன் பொருமலை அதிலே காட்டுகிறார் என்று முடிவு கட்டினேன். தமிழ்ச் செய்திக்கு மட்டும் கால் ஒருநாளும் உளையவில்லையே!

ஒரே ஒரு தடவை அந்தப் பாட்டைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார். இறங்கி, வயரைக் கழற்றிக்கொண்டு, என்னைப் பார்க்காமல்:

"உவர் அந்த இடத்திலை என்ன ரீச்சர் சொல்லுறார்?"

"போகாதை எண்டு சொல்லுறார், அண்ணை. இன்னும் கொஞ்ச நேரம் இரு எண்டு."

"ஆ" என்றார். சைக்கிளை உருட்டிக்கொண்டு பொட்டால் போய்விட்டார். அடுத்த நாள் அந்த இடத்தில் முன்பைவிட மெதுவாக மிதித்தார். எனக்கு வந்த கோபத்தில் கதிரையை விட்டு எழும்பி உள்ளே போய்விட்டேன்.

அவருடைய மனைவி ஒருநாளும் வரவில்லை. என்னைவிட ஏழெட்டு வயது கூடியவ. கிணற்றடியில் கண்டால் "என்ன ரீச்சர், சுகமே?" என்று கேட்பா, அதற்கு மேல் கதை இல்லை. எனக்கு உள்ளூர ஒரு உறுத்தல் இருந்தது. கல்யாணம் கட்டாத ஒருத்தியின் விறாந்தையில் தன் புருஷன் ஒவ்வொரு பின்னேரமும் வந்து சைக்கிள் மிதித்தால் எந்த மனுஷிக்குப் பிடிக்கும்? அதற்கு ஆதாரமும் கிடைத்தது. என் விறாந்தைக்கு நேரே வேலியில், தலை உயரத்தில் ஓலை விலகி ஒரு ஓட்டை இருந்தது. ஒருநாள் செய்தி நேரத்தில் அந்த ஓட்டைக்குப் பின்னால் சேலைத் தலைப்பு அசைந்ததைக் கண்டேன். அட, காவல் வைத்திருக்கிறாவே என்று எனக்குள் கொதித்தது. அடுத்த நாள் காலை ஒரு தென்னோலைக் கீற்றை முறித்து, அந்த ஓட்டையை இறுக்கி அடைத்தேன். இரண்டு நாளில் கீற்று நிலத்தில் கிடந்தது. திரும்ப அடைத்தேன், திரும்ப விழுந்தது. வருஷா வருஷம் புது ஓலை வைத்து வேலி அடைப்பார்கள். புது வேலியிலும் சில நாளில் அதே இடத்தில் ஓலை விலகியிருக்கும். வாய்விட்டுச் சண்டை பிடிக்காமல், ஒரு ஓட்டையை வைத்துக்கொண்டு வருஷக்கணக்காய் மல்லுக்கட்டினோம். அதாவது, நான் மல்லுக்கட்டினேன்.

தொண்ணூற்றைந்து சித்திரையில் அவர் வெங்காயத் தோட்டத்தில் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றவர், வரம்பில் இருந்தார், பிறகு சரிந்தார். நெஞ்சு நோ. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனத்துக்கு எண்ணெய் தேடி முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. செத்தவீட்டுக்குப் போனேன். பெண்களோடு இருந்து அழுதேன். மனைவி என்னை நிமிர்ந்து பார்த்தா. என் விறாந்தை பழையபடி பேச்சில்லாமல் போனது. செய்தியும் இல்லை, பாட்டும் இல்லை. அவரிடம் எத்தனை தடவை "சீராய் மிதியுங்கோ" என்று எரிந்து விழுந்திருக்கிறேன் என்பது பின்னேரங்களில் காதுக்குள் கேட்டது. அவர் மிதித்த அந்தப் பிழையான மிதியையாவது திரும்பக் கேட்க மாட்டோமா என்று இருந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து சில நாளில், பொட்டடியில் சில்லு உருளுகிற சத்தம். வெள்ளைச் சேலையோடு அவருடைய மனைவி, அந்த அக்கா, சைக்கிளைப் பக்கவாட்டில் சரித்துப் பொட்டால் இழுத்துக்கொண்டு நின்றா. ஓடிப்போய் ஒரு பக்கம் பிடித்தேன்.

"செய்தி கேக்கவேணும் ரீச்சர். ஊர் என்ன நிலையிலை கிடக்குதெண்டு தெரியேல்லை" என்றா.

ஆண்கள் சைக்கிள். சேலையோடு ஏற முடியாது. ஸ்ராண்டில் நிறுத்திவிட்டு, ஒரு பலகையைப் போட்டு நிலத்தில் இருந்து, பெடலைக் கையால் சுற்றினா. அவர் செய்வதை எங்கிருந்து பார்த்துப் பழகினாவோ, வயர் பூட்டுவதுகூடத் தெரிந்திருந்தது. செய்தி கேட்டோம். நல்ல செய்தி ஒன்றும் இல்லை. நான் பெட்டியை மூடப் போனேன்.

"ஏன், பாட்டுப் போடேல்லையே?" என்றா.

"வேண்டாம் அக்கா. அண்ணை போய் இன்னும் ரெண்டு மாசமாகேல்லை, இந்த நேரத்திலை பாட்டு…"

"போடுங்கோ. கண்ணாடிக்காரரைப் போடுங்கோ."

அந்தப் பெயரை நான் ஊரில் ஒருவரிடமும் சொன்னதில்லை. ஒரேயொரு நாள் அவருக்குச் சொல்லியிருக்கலாம், எனக்கு நினைவில்லை. கசெற்றைப் போட்டேன். அக்கா கையைச் சீராகச் சுற்றினா. தோட்டத்தில் வேலை செய்த கை, ஒரு ஆட்டம் இல்லை. பாட்டு பாதியைத் தாண்டியது. கிற்றார் நின்றது, மேளம் நின்றது. கண்ணாடிக்காரர் குரலைத் தாழ்த்தினார். அக்காவின் கை மெதுவானது.

பழக்கதோஷம். என் வாய் தானாகச் சொல்லிவிட்டது: "சீராய்ச் சுத்துங்கோ அக்கா."

"இல்லை ரீச்சர். உதிலை மெதுவாய்த்தான்" என்றா, பாட்டைக் கெடுக்காத ஒரு சின்னக் குரலில். கிற்றார் திரும்ப வரும்வரை பொறுத்திருந்துவிட்டுச் சொன்னா: "அந்த இடம் எனக்குப் பிடிக்கும். கெதியாய் முடிஞ்சு போகுது எண்டு அவரிட்டைச் சொன்னனான். எனக்காண்டித்தான் உதிலை மெதுவாய் மிதிக்கிறவர். நான் வேலிக்கு அங்காலை நிண்டு கேக்கிறனான்."

பாட்டு முடிந்து ரேப் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது.

"போகாதை எண்டுதானே சொல்லுறார்?" என்று கேட்டா. "எனக்கு இங்கிலிஷ் தெரியாது. என்ன சொல்லுறார் எண்டு ரீச்சரைக் கேட்டுக்கொண்டு வாங்கோ எண்டு இவரைத்தான் விட்டனான். வந்து சொன்னவர்."

"அக்கா, நீங்கள் ஏன் இஞ்சாலை வரேல்லை?"

"நீங்கள் ஓலை வைச்சு அடைச்சனீங்கள் எல்லோ" என்றா. குற்றம் சொல்கிற குரல் இல்லை. மழை பெய்தது எல்லோ என்பது போலச் சொன்னா. "உங்களுக்கு விருப்பமில்லையாக்கும் எண்டு நினைச்சன்."

எனக்கு அழுகை வந்தது. கப்பலில் அழுத அழுகை அது. ஐந்து வருஷம். ஐந்து வருஷமாய் ஒவ்வொரு பின்னேரமும் அந்த இடம் வரும்போது நான் இந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன், அவ அந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறா. நடுவில் ஒரு பனையோலை. ஓலையின் ஓட்டையை அடைத்துவிட்டு, ஊரில் எனக்கு ஒரு ஆள் இல்லையே என்று நான் மாய்ந்திருக்கிறேன். அந்த மனிதர் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்து, ஒருத்தியின் ஏச்சை வாங்கிக்கொண்டு மற்றவளுக்காக மெதுவாய் மிதித்திருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவருடைய வாயிலிருந்து வார்த்தை வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை.

"திரும்பப் போடுவமே?" என்று கேட்டேன்.

"ஓம்" என்றா. போட்டோம். அந்த இடத்தில் கை மெதுவாகி, குரல் கிணற்றுக்குள் இறங்கி, திரும்ப ஏறியது. "ம்" என்றேன். அக்கா தலையை மட்டும் ஆட்டினா. எனக்கு அது போதும்.

அந்த ஐந்து மாதந்தான் நான் ஊரில் சந்தோஷமாய் இருந்த காலம். வெளியே என்ன நடந்துகொண்டிருந்தது என்று தெரிந்தவர்கள் இதைப் படித்தால் எனக்குப் பைத்தியம் என்பார்கள். ஷெல் விழுந்தது, சனம் செத்தது, சீனியும் சவர்க்காரமும் இல்லை. ஆனாலும் பின்னேரமானால் சில்லு உருளும். அக்காவுக்கு எண்ணெய்த்தலையரில் அவ்வளவு விருப்பமில்லை. "உவர் தன்ரை அழகைப் பாடுறார்" என்றா. குழப்படிகாரரை ரசித்தா. "உந்த மனிசன் வீட்டிலை தாய்க்காரியை நித்திரை கொள்ள விட்டிருக்கமாட்டான்" என்று சொல்லிச் சிரித்தா. ஊரின் காது அது, விடுமா? சகோதரர்களைப் போட்ட அன்று, சின்னவர்தான் மேலே பாடுகிறார், பெரியவர் தம்பிக்கு விட்டுக்கொடுத்துக்கொண்டு கீழே வருகிறார் என்றா. முப்பது வருஷமாய்க் கேட்ட எனக்கு அது தட்டுப்படவில்லை.

ஐப்பசி மாதக் கடைசியில், ஆமி கிட்ட வந்துவிட்டது என்று, எங்கள் ஊர் உட்பட வலிகாமம் முழுக்கச் சனத்தை வெளிக்கிடச் சொன்னார்கள். மழை. சைக்கிளில் அரிசியும் சட்டிபானையும் அவருடைய படமும் ஏறின. பெட்டிக்கு இடமில்லை. கசெற்றை மட்டும் ஒரு பொலித்தீன் பையில் சுற்றி என் கைப்பைக்குள் வைத்தேன். வீட்டைப் பூட்டிவிட்டுத் திரும்பினபோது அக்கா வேலியடியில் நின்று ஓலையைப் பார்த்துக்கொண்டிருந்தா. சனத்தோடு சனமாய், அடி மேல் அடி வைத்து, அடுத்த நாள் மத்தியானம்தான் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டினோம். நான் ஒரு பக்கம், அவ ஒரு பக்கம் சைக்கிளைப் பிடித்திருந்தோம்.

தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் நாலைந்து குடும்பங்களோடு இருந்தோம். அங்கே ஒரு பின்னேரம், அக்கா சைக்கிளை ஸ்ராண்டில் விட்டுச் சும்மா பெடலைச் சுற்றிக்கொண்டு இருக்கக் கண்டேன். செயினுக்கு எண்ணெய் விடுகிறா என்று பக்கத்துக் குடும்பம் நினைத்திருக்கும். கை கொஞ்ச நேரம் சீராய்ப் போய், பிறகு மெதுவாகி, பிறகு பழையபடி சீராகியது. போய்ப் பக்கத்தில் இருந்தேன்.

மார்கழியில் தம்பியிடமிருந்து வழி வந்தது. கொழும்புக்கு வந்தால் கனடாவுக்கு எடுக்கலாம் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தான். கிளாலியால் கடலேரி கடந்து, வன்னிக்குள்ளால் போகவேண்டும். "நீங்களும் வாங்கோ அக்கா" என்றேன், அது நடக்காத காரியம் என்று தெரிந்துகொண்டே. அவவுக்கு இணுவிலை விட்டால் உலகத்தில் வேறு இடம் இல்லை. சனம் திரும்பிப் போகிற அன்று தானும் போய் வெங்காயம் நடவேண்டும் என்றா.

புறப்படுகிற அன்று காலை றோட்டு வரை சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தா. என் பை அதில் தொங்கியது. ட்ராக்டர் வந்து நின்றது. பையை எடுத்து என் கையில் தந்தா.

"கண்ணாடிக்காரர் சொன்னதை நான் சொல்லமாட்டன் ரீச்சர்" என்றா. "ஏறுங்கோ."

ஏறினேன். திரும்பிப் பார்த்தேன். சைக்கிளைப் பிடித்தபடி நின்றா.

கொழும்பில், வெள்ளவத்தையில், பழைய வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு அம்மாவின் வீட்டில் அறை எடுத்தேன். சுவிச்சைத் தட்டினால் வெளிச்சம். அதற்கே இரண்டு நாள் கண் கூசியது. அந்த அம்மாவின் முன்னறையில் ஒரு கசெற் பெட்டி இருந்தது. மூடி உடைந்து போயிருந்தாலும் நன்றாகப் பாடும் என்றா. கேட்டு வாங்கி, பொலித்தீன் பையைப் பிரித்து, கசெற்றைப் போட்டேன். ஐந்து வருஷத்துக்குப் பிறகு உண்மையான கரண்டில், மிதிக்க ஆள் இல்லாமல், கண்ணாடிக்காரர் பாடுகிறார்.

சுத்தமாய்ப் பாடினார். ஆட்டமில்லை, அசைவில்லை. நான் "சீராய், சீராய்" என்று கேட்ட அத்தனை சீரும் அதில் இருந்தது. பாட்டு பாதியைத் தாண்டியது. கிற்றார் நின்றது. நான் மூச்சைப் பிடித்தேன். பிடித்து முடிப்பதற்குள் அந்த இடம் போய்விட்டது. கிற்றார் வந்துவிட்டது. இவ்வளவுதானா? நானும் தம்பியும் பாயில் இருந்து இத்தனை காலமும் கேட்டது இவ்வளவைத்தானா?

கசெற்றைத் திருப்பிச் சுற்றினேன். திரும்பப் போட்டேன். மூடி இல்லாததால் உள்ளே சக்கரங்கள் சுழல்வது தெரிந்தது. அந்த இடம் வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். கிற்றார் நின்றதும் ரேப் அவிழுகிற பக்கத்துச் சக்கரத்தில் ஒரு விரலை மெல்ல வைத்து அழுத்தினேன். குரல் தாழ்ந்தது, இழுபட்டது, கிணற்றுக்குள் இறங்கியது. போகாதே என்று, இன்னும் கொஞ்ச நேரம் இரு என்று, ஆறுதலாகச் சொன்னார். கிற்றார் வந்ததும் விரலை எடுத்தேன்.

உள்ளேயிருந்து அந்த அம்மா எட்டிப் பார்த்தா.

"ரேப் சிக்குது போலை பிள்ளை. பழுதாப் போகப்போகுது, நிப்பாட்டுங்கோ."

"இல்லை அம்மா" என்றேன். "சரியாய்த்தான் பாடுது."